இந்தப் படத்தில் இருப்பவர்கள் யாருமே பிறக்கவில்லை!

வணக்கம் மக்களே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். ஒரு போட்டோ புத்தகம். அதில் வரும் மனிதர்கள் ஒருவர்கூட இந்த உலகத்தில் இல்லை. கரடிகளும் இல்லை!

எடுத்தவர் ஜோனாஸ் பெண்டிக்சன், நார்வேக்காரர், மேக்னம் என்ற புகைப்படக்காரர்கள் கூட்டமைப்பைச் சேர்ந்தவர். வட மாசிடோனியாவில் வெலெஸ் என்று ஓர் ஊர். 2016 அமெரிக்கத் தேர்தல் நேரத்தில் பொய்ச் செய்தித் தளங்களுக்குப் பேர்போன ஊர். அங்கே நேரில் போய் ஆளில்லாத இடங்களைப் படமெடுத்தார். பிறகு கணினியில் செய்த ஆட்களை அந்த இடங்களில் நிற்க வைத்தார். புத்தகத்தில் உள்ள கட்டுரையை எழுதியதும் ஜிபிடி-2 என்ற, தானே எழுதும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்தான்.

2021இல் புத்தகம் வந்தது. பிரான்சின் பெர்பிஞான் நகரில் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கூடும் பெரிய விழாவிலேயே திரையிட்டார்கள். அத்தனை அனுபவசாலிகள் இருந்தும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை! கடைசியில் அவரே போலி சமூக ஊடகக் கணக்கு வழியாகத் தன்மேல் குற்றம் சாட்ட வேண்டியிருந்தது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது.

இது புதிதல்ல. 1855இல் கிரிமியப் போரில் ரோஜர் ஃபென்டன் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ஒரே பாதையை இரண்டு படமெடுத்தார். ஒன்றில் மட்டும் பீரங்கிக் குண்டுகள் பாதை மேலேயே கிடக்கின்றன. படத்துக்காகவே எடுத்துப் போட்டார்களோ என்று சந்தேகம்.

சரி, நம் ரப்பர் தோட்டத்துக்கு வருவோம். வெள்ளைக்காரர் காலத்துப் படங்களில் தொழிலாளர்கள் பால் மரத்தடியில், நல்ல வெளிச்சத்தில், கத்தியோடு அசையாமல் நிற்பார்கள். ஆனால் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியும் முன்பே மரம் வெட்டிப் பாலெடுக்கும் வேலை தொடங்கிவிடும். அந்த இருட்டில் அந்தக் காலத்து கேமரா என்ன செய்யும்? வேலை செய்தவரையே மறுபடி நிறுத்தி வைத்த காட்சி அது என்றுதான் நினைக்கிறேன். அதை ஆவணம் என்கிறோம்.

லயத்து வீட்டுச் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) சுவரில் தொங்கும் ஸ்டுடியோ படத்தில் வரைந்த திரை, இரவல் கோட்டு, எல்லாம் வேஷம். ஆனாலும் நான் அதைத்தான் நம்புவேன். அங்கே எப்படித் தெரிய வேண்டும் என்று தீர்மானித்தவர் தாத்தா. மரத்தடியில் தீர்மானித்தவர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை.

பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த தொடரில், வெள்ளைக்காரர் காலத்தில் மக்களைக் கட்டம் போட்ட திரைமுன் நிறுத்தி அளவெடுத்த பழைய படத்தைத் தானே நடித்துக் காட்டினார். நம் தோட்டத்துப் படங்களையும் நம் பெண்கள் அப்படி எடுத்தாக வேண்டும். யாராவது தொடங்குங்கள், உதவிக்கு நான் வருகிறேன்.

ரப்பருக்குப் பதில் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து எத்தனையோ லயங்கள் போய்விட்டன. வீட்டில் பழைய படம் இருந்தால் இன்றே ஸ்கேன் செய்யுங்கள். எந்த ஸ்டுடியோ, யாருடைய கோட்டு என்று பாட்டியிடம் கேட்டு, கமெண்டில் எழுதுங்கள்.