அட்டையில் செய்த கிட்டார்

எல்லோருக்கும் வணக்கம். பேச ஆரம்பிக்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. இந்தக் கிட்டாரின் பக்கப் பலகையை விரலால் தட்டுகிறேன், கேளுங்கள். 'டக்'. மேசையைத் தட்டினால் வருமே, அந்த மாதிரி வறண்ட சத்தம். இப்போது முகப்பில், நரம்புகளைத் தாங்கும் கட்டையான குதிரைக்குப் பக்கத்தில் தட்டுகிறேன். 'தும்ம்' என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது, இல்லையா? இந்த 'தும்ம்'மைத் தேடிப் போன ஒரு தச்சரைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச வந்திருக்கிறேன்.

கிட்டாரைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. பெயர் வந்த வழி ஒன்று, வாத்தியம் வந்த வழி வேறு. கிரேக்கர்களின் கிதாரா என்ற சொல் அரபு வழியாக ஸ்பெயினுக்குப் போய் கிட்டார்ரா ஆனது, ஆனால் அந்தக் கிரேக்க வாத்தியத்துக்குக் கழுத்தே கிடையாது, நம் யாழைப் போல நரம்புக்கு ஒரு சுரம்தான். கழுத்தில் விரலை அழுத்தி ஒரே நரம்பில் பல சுரம் எடுக்கும் வாத்தியங்கள் வேறு குடும்பம். முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில் அப்படிப்பட்ட ஊத் என்ற அரபு வாத்தியத்தை வாசித்தார்கள். அப்புறம் 16ஆம் நூற்றாண்டில் அங்கே பிரபுக்கள் வீட்டில் விகுவேலா, இடுப்பு ஒடுங்கிய வாத்தியம். அதன் பக்கத்திலேயே, அதைவிடச் சின்னதாக, நாலு கட்டு நரம்போடு கிட்டார். கட்டு என்றால் பெரும்பாலும் ஒன்றாகச் சேர்த்து மீட்டும் ஜோடி நரம்பு. 1546ல் செவில் நகரில் அலோன்ஸோ முதாரா என்ற இசைக்கலைஞர் வெளியிட்ட நூலில் இந்தச் சின்னக் கிட்டாருக்கென்றே சில இசை உருப்படிகள் இருக்கின்றன.

நரம்பு என்று நான் சும்மா சொல்லவில்லை. ஆட்டுக் குடலை முறுக்கித் திரித்த நரம்புதான் அது. வீணையில் மெட்டு இருக்கிறதே, அந்த மெட்டுகளைக்கூட அன்றைக்குக் குடல் நரம்பையே கழுத்தைச் சுற்றிக் கட்டித்தான் வைத்தார்கள். நாலு கட்டு ஐந்தானது, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோடி நரம்பெல்லாம் போய் ஆறு ஒற்றை நரம்பு வந்தது. எண்ணிக்கை இன்றைய கணக்குக்கு வந்துவிட்டது, சத்தம்தான் வரவில்லை. உடம்பு சின்னது, வீட்டுக்குள் நாலு பேர் கேட்கலாம், அவ்வளவுதான்.

இங்கேதான் அந்தோனியோ தே டோரஸ் வருகிறார். 1817ல் ஸ்பெயினில் அல்மெரியா பக்கம் பிறந்தவர், தச்சு வேலை கற்றவர், செவிலில் பட்டறை போட்டவர். உடம்பைப் பெரிதாக்கினார், நரம்பின் அதிரும் நீளத்தை 65 சென்டிமீட்டர் என்று நிலைப்படுத்தினார். முகப்பலகையை மெல்லிசாக இழைத்து, அது நரம்பின் இழுப்பில் உடையாமல் இருக்க உள்பக்கம் ஏழு மெல்லிய குச்சிகளை விசிறி மடிப்பு மாதிரி ஒட்டினார். விசிறிக் குச்சி அவருக்கு முன்னாலேயே ஸ்பெயினில் இருந்ததுதான், அதைச் சீராக்கி ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் அவர். சரி, சத்தம் முகப்பில்தான் இருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 1862ல் ஒரு கிட்டார் செய்தார். முகப்பு மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் மரம். முதுகும் பக்கமும் வெறும் அட்டை! அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கைத்தொழிலாளி தன் கருத்தை இப்படிச் செய்தே காட்டியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கிட்டார் செய்து குடும்பம் நடத்த முடியவில்லை. அல்மெரியாவுக்கே திரும்பிப் போய்ப் பீங்கான் கடை வைத்தார், சில வருஷம் கழித்துத்தான் மறுபடி உளியை எடுத்தார். அவர் செய்த ஒரு கிட்டார் பிரான்சிஸ்கோ தாரெகா என்ற இளைஞர் கைக்குப் போனது. தாரெகா அதை மேடை மேடையாகக் கொண்டுபோனார், அந்த அளவும் அமைப்பும் ஊரெல்லாம் பரவியது. இன்றைய கிளாசிக்கல் கிட்டார் பெரும்பாலும் டோரஸ் போட்ட கோட்டில்தான் நிற்கிறது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கதை வேறு. ஜெர்மனியிலிருந்து 1833ல் நியூயார்க் போன மார்ட்டின் என்ற கிட்டார் தச்சர், குச்சிகளைப் பெருக்கல் குறி போலக் குறுக்காக ஒட்டும் முறைக்கு வந்தார். அன்று குடல் நரம்புக்காகச் செய்தது, பின்னால் எஃகுக் கம்பி வந்தபோது கைகொடுத்தது. இன்றைய நைலான் நரம்பு ஆறும் சேர்ந்து 40 கிலோ அளவுக்கு இழுக்கும், எஃகு 70 கிலோவைத் தாண்டும். நைலானே 1940களில் வந்ததுதான். உலகப் போரில் காயத்துக்குத் தையல் போடக் குடல் நரம்பு தேவைப்பட்டதால் வாத்தியக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை.

மின்சாரக் கிட்டாரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர் 1950ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டாருக்கு வயிறே கிடையாது, கெட்டிப் பலகை. கம்பியின் அசைவைக் காந்தச் சுருள் பிடித்துக்கொள்ளும். டோரஸ் முகப்பை மட்டும் விட்டுவைத்தார், இங்கே அந்த முகப்பின் வேலையும் போய்விட்டது.

நான் கொண்டுவந்திருப்பது மரக் கிட்டார்தான். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள். ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்திருக்கிறேன், அதைத் துளைக்குள் விட்டுப் போன் டார்ச்சை அடித்து முகப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குச்சிகள் விசிறியாக விரிந்திருக்கும். எண்ணிப் பாருங்கள், ஏழு.