ரெங்கநாதன் என்றே பெயர் வையுங்கள்

(மொரீஷியசின் ரோஸ் ஹில் நகரில், சித்திரைப் புத்தாண்டு மாலைப் பட்டிமன்றம். தலைப்பு: 'ஆண் பிள்ளைக்குப் பெயர்: பாட்டன் பெயரா, புதுப் பெயரா?' பாட்டன் பெயரே என்ற அணியின் உரை.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் எங்களைப் பார்த்து ஒரு சவால் விட்டார். "பாட்டன் பெயர், பாட்டன் பெயர் என்கிறீர்களே, இன்று பிறக்கும் பிள்ளைக்குத் துணிந்து வைக்கக்கூடிய பெயர் ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். அவருக்குப் பின் வந்த சகோதரி இன்னும் ஒரு படி மேலே போய், "நம் முன்னோர் பெயர்கள் எல்லாம் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி தப்பும் தவறுமாகப் பதிவேட்டில் ஏறியவை. அந்தப் பிழையைப் பேரன் தலையிலும் கட்ட வேண்டுமா?" என்று கேட்டார். இரண்டுக்கும் ஒரே பெயரால் பதில் சொல்கிறேன். ரெங்கநாதன்.

இந்தப் பெயர் இன்று அரிதாகிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் மாலை நேரத்தில் தாய்மார் பிள்ளைகளைக் கூப்பிடும்போது இந்தப் பெயர் காதில் விழுவதில்லை. விழும் பெயர்கள் பாதி வட இந்தியப் படங்களிலிருந்து வந்தவை, மீதி இணையப் பட்டியலிலிருந்து இறக்கியவை. அரிதாகிவிட்டது என்பதையே எதிரணி தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறது. அரிதானதால்தான் அது வேண்டும் என்கிறேன் நான்.

முதலில் பெயரின் ஊரைப் பார்ப்போம். காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து மீண்டும் நெருங்கும் இடத்தில், நடுவே கிடக்கிற தீவு திருவரங்கம். ஆற்றிடைத் திட்டுக்கு அரங்கம் என்பது பழந்தமிழ்ப் பெயர். அந்தத் திட்டில் பள்ளிகொண்டவன் அரங்கன். அவனே ரங்கநாதன். 108 திருப்பதிகளில் முதலாவது அது. ஆழ்வார்களில் பதினொருவர் பாடிய தலம். அதற்கும் முன்பே, சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் ஒரு முதியவர் கோவலனிடம், காவிரியின் நடுத் திட்டில் திருமால் கிடந்த கோலத்தைக் காணப் புறப்பட்டதாகச் சொல்கிறார். அவ்வளவு பழைய இடம். ஆற்று நடுவே இருக்கும் ஒரு தீவின் பெயரைச் சுமந்துகொண்டு நம் முன்னோர் கடல் நடுவே இருக்கும் இந்தத் தீவுக்கு வந்தார்கள். இதைவிடப் பொருத்தமான பெயர் இந்த மண்ணில் பிறக்கும் பிள்ளைக்கு வேறு எது?

எப்படி வந்தார்கள்? லா பூர்தொனே 1735 முதல் 1746 வரை இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்தபோதே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களைக் கூட்டிவந்தார். அன்று தமிழரை மலபார் என்பார்கள், ஆகவே தலைநகர் போர்ட் லூயிசின் கிழக்கே அவர்கள் குடியிருந்த பகுதி மலபார் முகாம் என்று பெயர் பெற்றது. பிறகு 1834 முதல் 1920 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் இந்தியர்கள் இறங்கினார்கள். அவர்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் நம்மவர். அவர்கள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் என்ற படித்துறையின் கற்படிகளில் ஏறிய மனிதனிடம் பெட்டி படுக்கை என்று பெரிதாக என்ன இருந்திருக்கும்? அவன் பெயர் இருந்தது, அவன் தகப்பன் பெயர் இருந்தது. பதிவேட்டில் இரண்டையும் எழுதிக்கொண்டு ஓர் எண்ணையும் கொடுத்தார்கள். அந்தப் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இன்றும் இருக்கின்றன. பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சகோதரி பிழை என்று சொன்னது அந்தப் பதிவேட்டு எழுத்தைத்தான். அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் என் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நம் தீவில் இந்தப் பெயரை எழுதும் முறை இது: ஆர், இ, என், ஜி, ஏ, என், ஏ, டி, இ, என் (Renganaden). இந்தியாவில் எழுதுவது போல் 'ஆர், ஏ' என்று தொடங்குவதில்லை. நடுவில் 'டி எச்' (th) வருவதில்லை. இது பிழையா?

'ரெ' என்ற முதல் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலும் தஞ்சையிலும் புதுக்கோட்டையிலும் இன்றைக்கும் எத்தனையோ கடைப் பலகைகளில் ரெங்கசாமி, ரெங்கநாதன், ரெங்கராஜன் என்றுதான் எழுதியிருக்கும். ஊர் வாய் அப்படித்தான் சொல்லும். கப்பலில் வந்தவனும் அப்படித்தான் சொன்னான். குமாஸ்தா அதை அப்படியே எழுதினான். அடுத்து அந்த 'டி' (d). ஆங்கிலேயன் படித்தால் 'நாடன்' என்று படிப்பான், உண்மை. ஆனால் 1810இல் ஆட்சி பிரிட்டிஷாருக்குக் கைமாறிய பிறகும் இந்தத் தீவின் சட்டமும் பேச்சு மொழியும் பிரெஞ்சாகவே நீடித்தன. பிரெஞ்சு 'டி' நாக்கு பல்லைத் தொட ஒலிப்பது. நம் 'நாதன்' என்ற சொல்லில் வரும் தகரமும் பல்லைத் தொட்டுத்தான் ஒலிக்கிறது. அந்த ஒலிக்கு அவர்களிடம் இருந்த மிகச் சரியான எழுத்து அதுதான். கடைசியில் வரும் 'இ, என்'? பேச்சில் 'அவன்', 'நாதன்' என்று விரைவாகச் சொல்லும்போது கடைசி அகரம் எகரத்தின் பக்கம் சாய்வதை உங்கள் காதே சொல்லும். சீனிவாசன் என்ற பெயரை இங்கே இரண்டு 'எஸ்' போட்டு எழுதுகிறோமே, அது ஏன்? உயிரெழுத்துகள் இரண்டுக்கு நடுவில் ஒற்றை 'எஸ்' வந்தால் பிரெஞ்சில் அது 'இசட்' ஒலியாகிவிடும். 'வாசன்' என்ற ஒலியைக் காப்பாற்றத்தான் அந்த இரண்டாவது 'எஸ்'.

ஆகவே சகோதரி அவர்களே, உங்களை மதித்துச் சொல்கிறேன்: நீங்கள் பிழை என்று திருத்தப் புறப்பட்டது நம் கொள்ளுப்பாட்டனின் குரலை. அவனுக்குப் படம் இல்லாமல் போயிருக்கலாம், ஒலிப்பதிவு நிச்சயமாக இல்லை. அவன் தன் பெயரை எப்படிச் சொன்னான் என்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே சான்று அந்தப் பத்து எழுத்துகள். சென்னையிலோ லண்டனிலோ இந்த எழுத்தமைப்பைப் பார்த்தால், 'இவர் மொரீஷியசுக்காரரோ' என்று விவரம் அறிந்தவர் கேட்பார். வேறு எந்தப் புதுப் பெயருக்கு இந்த அடையாளம் உண்டு?

"பெயர் போய்விட்டதே, போனதை ஏன் இழுத்து வருகிறீர்கள்" என்றும் கேட்டார்கள். போனது எங்கே என்று பாருங்கள். தகப்பன் பெயரைப் பிள்ளைக்குப் பின்னால் எழுதி எழுதி, அதுவே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஆறுமுகம், வைத்தியலிங்கம், வீரப்பன், வையாபுரி, ரெங்கசாமி எல்லாம் ஒரு காலத்தில் நடமாடிய ஆண்களின் பெயர்கள். இன்று அவை வீட்டுப் பெயர்களாகி முதற்பெயரின் இடத்தைக் காலி செய்துவிட்டன. அந்தக் காலி இடத்தில் யார் யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் செத்துப்போகவில்லை, வாசலுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. உள்ளே கூப்பிடுங்கள் என்கிறேன்.

திரும்பி வருவது இந்தப் பெயருக்குப் புதிதும் இல்லை. 1323இல் டில்லிப் படை திருவரங்கத்தைச் சூறையாடியபோது, அரங்கனின் உற்சவ மூர்த்தியான அழகிய மணவாளனின் திருமேனியைத் தூக்கிக்கொண்டு அடியார்கள் தெற்கே ஓடினார்கள். வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் அந்த ஓட்டத்திலேயே உயிர் விட்டார். திருமேனி மலையும் காடும் கடந்து எங்கெங்கோ இருந்து, விஜயநகரப் படையின் கோபணர் காலத்தில், 1371இல்தான் அரங்கத்துக்குத் திரும்பியது. 48 ஆண்டுகள்! அத்தனை காலம் ஊரில் இல்லாதவனை 'வழக்கொழிந்தவன்' என்று யாராவது எழுதி முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சரி, இந்தப் பெயரை வைத்தால் பிள்ளை முன்னேறுவானா என்று எதிரணித் தம்பி கேட்டார். உங்கள் சட்டைப் பையில் நூறு ரூபாய்த் தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள் தம்பி. அதில் இருக்கும் முகம் யாருடையது? ரெங்கநாதன் சீனிவாசன். 1910இல் பிறந்தவர், வழக்கறிஞர், தொழிற்கட்சித் தலைவர்களில் ஒருவர், கல்வி அமைச்சராக இருந்தவர். 1958இல் மறைந்தார். 1968 மார்ச் 12இல் சுதந்திரக் கொடி ஏறியதைக் காண அவர் இல்லை. ஆனால் இந்த நாடு அவரை மறக்கவில்லை. அவர் பெயரில் அரசு இடைநிலைப் பள்ளி இருக்கிறது. அவர் முகம் நம் கைகளில் நாள்தோறும் புழங்குகிறது. முகத்தோடு அந்தப் பெயரும், நான் சொன்ன அதே எழுத்துகளில், 'டி' போட்டு, 'இ, என்' என்று முடிந்து, அச்சாகியிருக்கிறது. நாட்டின் பணத்தாளே ஒப்புக்கொண்ட எழுத்தை நாம் பிழை என்று சொல்வதா?

இங்கே இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 1998இல் வெளியான புதிய தாள்களில் தமிழ் எழுத்து தன் பழைய வரிசையிலிருந்து கீழே இறக்கப்பட்டபோது, நம் சமூகம் பொறுத்துக்கொள்ளவில்லை. கொதித்து எழுந்தோம். தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. தமிழ் தன் இடத்தில் மீண்டும் அச்சேறியது. தாளில் ஒரு வரி கீழே போனதற்காக அவ்வளவு போராடிய நாம், அந்தத் தாளிலேயே இருக்கும் பெயரைப் பேரனுக்கு வைக்கக் கூச்சப்படுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

நீளமான பெயர், நண்பர்கள் சுருக்கிவிடுவார்கள் என்றார் சகோதரி. சுருக்கட்டுமே. ரெங்கா என்று அழைக்கட்டும், நாதன் என்று அழைக்கட்டும். லோகநாதன் இங்கே லோகன் ஆகவில்லையா? செல்லமாக அழைப்பவர்கள் எந்தப் பெயரையும் சுருக்கத்தான் செய்வார்கள். ஆனால் சுருக்குவதற்கு ஒரு முழுப் பெயர் கையில் இருக்க வேண்டும். இரண்டு எழுத்தில் பெயர் வைத்துவிட்டுப் பிறகு அதை விரிக்க முடியாது.

சோதிடர் சொன்ன எழுத்துக்குப் பெயர் கிடைக்காமல்தான் புதுப் பெயர் தேடுகிறோம் என்பது அவர்களின் கடைசி வாதம். சுவாதி நட்சத்திரத்துக்கு உரிய எழுத்துகளில் 'ரே' இருக்கிறது. சித்திரைக்கு 'ரா' இருக்கிறது. 'ரே'யைக் குறுக்கி ரெங்கநாதன் என்று வைக்கக் கூடாது என்று எந்தப் பெரியவரும் சொல்ல மாட்டார். வேறு எழுத்து வந்தால் ஆறுமுகம் இருக்கிறார், அருணாசலம் இருக்கிறார், கைலாசம் இருக்கிறார், வைத்தியலிங்கம் இருக்கிறார். பஞ்சம் பெயர்களுக்கு இல்லை.

நடுவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார், முடிக்கிறேன். இந்த அவையில் கைக்குழந்தையோடு வந்திருக்கும் தகப்பன்மாருக்கு ஒரு வேண்டுகோள். நம் நாட்டில் பிறப்பைப் பதிய 45 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் உங்கள் குடும்பத்தில் முதலில் கப்பல் ஏறி வந்தவரின் பெயரைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் மோக்காவுக்குப் போய்த் தேடுங்கள். கிடைத்த பெயரை, அங்கே எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே, எழுத்து மாற்றாமல் படிவத்தில் எழுதுங்கள். ரெங்கநாதன் என்று கிடைத்தால், அந்தப் பத்து எழுத்தையும் குமாஸ்தாவிடம் நீங்களே ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். தீர்ப்பு எங்கள் பக்கம் வர வேண்டும் என்று நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.