முந்நூறு அட்டை போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

பொம்மைக் கடைகளில் பளபளக்கும் அட்டைப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே என்ன அட்டை இருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும். பிள்ளை ஒன்று கேட்கிறது, வாங்கித் தருகிறோம். அடுத்த வாரம் இன்னொன்று கேட்கிறது. இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது ‘மேஜிக்: த கேதரிங்’. 1993 ஆகஸ்டில் அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் முனைவர். போகிமான் அட்டைகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

போட்டி, பரிசு என்று போகிறவர்களின் கணக்கு வேறு. அதை இன்று தொடப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேர் உட்கார்ந்து பொழுதுபோக்காக மேஜிக் ஆட வேண்டும். அதற்கு ஏன் இவ்வளவு காசு ஆகிறது, ஏன் இவ்வளவு தலை சுற்றுகிறது, இரண்டையும் எப்படிக் குறைப்பது? பேனாவும் தாளும் பக்கத்தில் இருந்தால் நல்லது, நடுவில் சில எண்கள் சொல்வேன்.

முதலில் வந்த விதிகளைப் பார்த்தாலே ஒன்று புரிந்துவிடும். ஒருவர் ஆடுவதற்குச் சேர்த்துவைக்கும் அட்டைகளுக்குக் கட்டு என்று பெயர். அந்தக் கட்டில் குறைந்தது 40 அட்டை இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே அட்டையை எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் தொடங்குமுன் இருவரும் தங்கள் கட்டிலிருந்து ஒரு அட்டையைப் பந்தயமாக எடுத்து வைக்க வேண்டும், ஜெயித்தவருக்கு இரண்டும் சொந்தம். கோலிக்குண்டு விளையாட்டுதான் இது. ஒவ்வொருவரும் நாலைந்து பாக்கெட்தான் வாங்குவார்கள், அரிய அட்டை ஒரு தெருவுக்கு ஒன்றுதான் இருக்கும், அது கைமாறிக்கொண்டே இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. ஜனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். அதனால் கட்டுக்கு 60 அட்டை, ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது என்று பிறகு விதி வந்தது. பந்தயமும் வழக்கொழிந்தது. ஆனால் ‘எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம்’ என்ற வாசல் மட்டும் திறந்தே இருந்துவிட்டது. செலவும் சிக்கலும் அந்த வாசல் வழியாகத்தான் வருகின்றன.

செலவுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2008 முதல் 2023 வரை வந்த வழக்கமான பூஸ்டர் பாக்கெட்டில் 15 அட்டை: எளிதில் கிடைக்கும் காமன் 10, அதைவிடக் குறைவான அன்காமன் 3, அரிதான ரேர் 1, நிலம் 1 (நிலம் என்றால் என்ன என்று பிறகு சொல்கிறேன்). சுமார் எட்டுப் பாக்கெட்டுக்கு ஒன்றில், ரேர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் அரிதான ‘மிதிக்’ வரும். ஒரே வெளியீடாக வரும் ஒரு தொகுப்பில் 60 வகை ரேர், 20 வகை மிதிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேடும் ஒரு குறிப்பிட்ட ரேர், சராசரியாக 69 பாக்கெட்டுக்கு ஒரு முறை கிடைக்கும். அதுவே மிதிக் என்றால் 160 பாக்கெட்டுக்கு ஒரு முறை. கட்டில் வைக்க நாலு பிரதி வேண்டும் என்றால், ரேருக்கே ஏறக்குறைய 275 பாக்கெட் பிரிக்க வேண்டும். பாக்கெட் 4 டாலர் என்று வைத்தால் 1,100 டாலர். அதே அட்டை உதிரியாக 3 டாலருக்குக் கிடைக்கிறது என்றால் நாலுக்கும் சேர்த்து 12 டாலர்தான். 2024 பிப்ரவரியிலிருந்து பாக்கெட்டின் அமைப்பு மாறிவிட்டது. ஒரே பாக்கெட்டில் இரண்டு மூன்று ரேர்கூட வரலாம், விலையும் கூடியிருக்கிறது. ஆனாலும் கணக்கின் போக்கு மாறவில்லை. பாக்கெட் பிரிப்பதில் ஒரு சந்தோஷம் உண்டு, மறுக்கவில்லை. அந்தச் செலவைப் பொழுதுபோக்குச் செலவாக எழுதிக்கொள்ளுங்கள், கட்டு சேர்க்கும் செலவில் சேர்க்காதீர்கள். பூ வாங்குவதாக இருந்தால் உதிரியாக வாங்குங்கள். இங்கே மாலை வாங்கினால் நடுவில் என்ன கோத்திருக்கிறது என்பது தெரியாது.

அடுத்தது, வாங்கிய அட்டையே ஆட்டத்தைக் கெடுக்கும் கதை. மேஜிக்கில் எந்த மந்திரத்தையும் போடச் சக்தி வேண்டும். அந்தச் சக்தி நில அட்டைகளிலிருந்து வருகிறது. சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு என்று ஐந்து அடிப்படை நிலம். அவை முறையே வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை நிறச் சக்தியைத் தரும், அந்தந்த நிற அட்டைக்கு அந்தந்த நிறச் சக்தி வேண்டும். ஐந்திணை என்று உடனே மனம் ஓடும், ஆனால் குறிஞ்சியும் முல்லையும்தான் ஓரளவு பொருந்தும், மருதத்துக்கு இங்கே வேலையில்லை. 60 அட்டைக் கட்டில் 24 நிலம் வைப்பது பழைய வழக்கம். அப்படி வைத்தும் முதலில் எடுக்கும் ஏழு அட்டையில் நிலமே இல்லாமலோ ஒன்றே ஒன்றோ வரும் வாய்ப்பு 14 சதவீதம். ஏழு ஆட்டத்துக்கு ஒன்று என்று கொள்ளலாம். புதிதாக ஆடுகிறவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? காசு கொடுத்து வாங்கிய அட்டையை வெளியே வைக்க மனம் வராது, நாலு நிலத்தை உருவிவிடுவார்கள். 20 நிலம் ஆனதும் அதே வாய்ப்பு கிட்டத்தட்ட 25 சதவீதம், அதாவது நாலு ஆட்டத்துக்கு ஒன்று. கை கட்டி உட்கார்ந்து எதிராளி ஆடுவதைப் பார்க்க வேண்டியதுதான். அப்புறம் ‘இது வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு’ என்று பழி.

இப்போது சிக்கலுக்கு வருவோம். ஒரே ஒரு கட்டத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். மேசையில் என் உயிரின அட்டை ஒன்று இருக்கிறது, ஒரு கரடி, பலம் 2, தாங்கும் திறன் 2. நீங்கள் ‘லைட்னிங் போல்ட்’ என்ற மின்னலைக் கரடி மேல் போடுகிறீர்கள், அது 3 அடி கொடுக்கும். அட்டையை வைத்தவுடன் கரடி சாகாது. எனக்குப் பதில் சொல்ல வாய்ப்பு உண்டு. நான் ‘ஜயன்ட் குரோத்’ போடுகிறேன், இந்த முறை முடியும்வரை கரடிக்குப் பலத்தில் 3ம் தாங்கும் திறனில் 3ம் கூடும். கல்யாண மண்டபத்தில் எவர்சில்வர் தட்டு அடுக்கியிருப்பார்களே, கடைசியாக வைத்த தட்டைத்தானே முதலில் எடுப்போம்? அதே முறைதான். கடைசியாக வந்த என் மந்திரம் முதலில் பலிக்கும், கரடி 5க்கு 5 ஆகும், மின்னல் அடுத்து அடித்தாலும் பிழைத்துக்கொள்ளும். வரிசையை மாற்றிப் பாருங்கள். நான் முந்திக்கொண்டு கரடியைப் பெரிதாக்கப் பார்க்கிறேன், நீங்கள் அதற்குப் பதிலாக மின்னலைப் போடுகிறீர்கள். இப்போது மின்னல் முதலில் பலிக்கிறது, 2க்கு 2 கரடி செத்துப்போகிறது, என் மந்திரத்துக்கு இலக்கே இல்லாமல் அதுவும் வீண். அதே இரண்டு அட்டை, அதே கரடி. யார் பொறுமையாக இருந்தார் என்பதில் முடிவு தலைகீழாகிறது. இது 1999இல் வந்த விதி. ஆட்டத்தின் அழகே இதுதான். இதைக் கற்க அரை மணி நேரம் போதும்.

தலைவலி அட்டை எண்ணிக்கையிலிருந்து வருகிறது. இதுவரை 25,000க்கும் மேற்பட்ட வெவ்வேறு அட்டைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் தன் மேல் ஒரு சிறு விதியைச் சுமந்து வருகிறது. முழு விதிப்புத்தகம் 250 பக்கத்தைத் தாண்டும். அதன் கடைசிப் பகுதி, ஒன்பதாவது, பொழுதுபோக்கு ஆட்ட வகைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. சும்மா ஆடுவதற்கும் அங்கே எண் போட்ட விதிகள் உண்டு! 2019இல் மூன்று ஆய்வாளர்கள் இந்த விளையாட்டின் அட்டைகளைக் கொண்டே ஒரு கணினியை உருவகிக்கலாம் என்று நிரூபித்தார்கள். எல்லா ஆட்ட நிலைகளிலும் யார் ஜெயிப்பார் என்று தீர்மானிக்கக்கூடிய ஒரு கணினி நிரலை எழுதவே முடியாது என்பது அதன் பொருள்.

பொழுதுபோக்காக ஆடுகிறவர்களிடம் இன்று அதிகம் புழங்குவது ‘கமாண்டர்’. ரசிகர்கள் தொடங்கிய முறை இது. 2011 முதல் நிறுவனமே இதற்கான தயார்க் கட்டுகளை விற்கிறது. 100 அட்டை, அடிப்படை நிலத்தைத் தவிர எந்த அட்டையும் ஒன்றுதான். பெரும்பாலும் நாலு பேர் சேர்ந்து ஆடுவது, ஆளுக்கு 40 உயிர்ப் புள்ளி, அது தீர்ந்தால் தோல்வி. தயார்க் கட்டு ஒன்று ஏறக்குறைய 45 டாலர். இறக்குமதி வரியும் தபால் செலவும் சேர்ந்தால் நம் கைக்கு வரும்போது இன்னும் கூடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைத்தான் கை காட்டுவார்கள். என் கருத்தில் தொடங்க இது சரியான இடம் இல்லை. நாலு கட்டில் முந்நூறுக்கு மேல் வெவ்வேறு அட்டை, எல்லாவற்றிலும் பொடி எழுத்து. எதிரே உட்கார்ந்திருப்பவரின் அட்டையைத் தலைகீழாகப் படிக்க முடியாது. ஆட்டம் இரண்டு மணி நேரம் ஓடும், அரை மணியில் தோற்றவர் மீதி நேரம் டீ போட வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. ஒருவர் 30 டாலருக்குக் கட்டை மேம்படுத்துவார், தொடர்ந்து தோற்ற அடுத்தவர் 50 டாலர் போடுவார், மூன்றாமவர் வருவதை நிறுத்திவிடுவார். விலை ஏறிய அட்டை கையில் நிற்கும் என்பதும் நிச்சயமில்லை. 2024 செப்டம்பரில் மேனா கிரிப்ட், ஜுவல்ட் லோட்டஸ் உள்ளிட்ட விலையுயர்ந்த அட்டைகள் கமாண்டரில் ஒரே நாளில் தடை செய்யப்பட்டன, விலையும் விழுந்தது. 2025இல் கட்டுகளை ஐந்து படிகளாகப் பிரித்து, ஒரே படியில் இருப்பவர்கள் சேர்ந்து ஆடலாம் என்று நிறுவனம் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. அதுவும் உதவும், ஆனால் ‘என் கட்டு மூணாம் படிதான்’ என்று எல்லோருமே சொல்வார்கள்.

ஆகவே வாசலை மூடிவிடுவதுதான் வழி. நாலு பேரும் பணம் போட்டு ஒரே ஒரு பெட்டி சேருங்கள், யாருக்கும் தனிக் கட்டு வேண்டாம். இதற்குக் ‘கியூப்’ என்று பெயர். ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டியிலிருந்தே கட்டு அமைத்து ஆடி, முடிந்ததும் திரும்பப் பெட்டியிலேயே போட்டுவிட வேண்டும். எட்டுப் பேருக்கு 360 அட்டை, நாலு பேருக்கு 180 போதும்.

எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை, நிறத்துக்கு 27 வீதம் 135. இருநிற அட்டை 20. எந்த நிறத்துக்கும் ஆகும் கருவி அட்டை 15. சிறப்பு நிலம் 10. மொத்தம் 180. ஒவ்வொரு நிறத்தின் 27இலும் 15 உயிரினமாக இருக்கட்டும். போட ஒன்று, இரண்டு சக்தி ஆகும் அட்டை 12, மூன்று ஆவது 7, நான்கு ஆவது 4, அதற்கு மேல் 4. சக்தி அதிகம் கேட்கும் அட்டைகள்தான் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். அவற்றை அதிகம் சேர்த்தால் முதல் நாலு முறை யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள்.

எல்லாமே காமனாக இருக்கலாம். காமன் மட்டும் வைத்து ஆடுவதற்குப் ‘பாப்பர்’ என்று ஒரு முறையே இருக்கிறது, 2019இல் அதிகாரபூர்வமானது. பெரும்பாலான காமன் கால் டாலருக்குள் கிடைக்கும். 180 அட்டைக்கு 45 டாலர், ஒரு தயார்க் கட்டின் விலை. அதை நாலாக வகுங்கள். சிக்கலைக் குறைக்கும் வேலையும் இங்கேயே நடந்துவிடும். நாலு வரிக்கு மேல் எழுத்து உள்ள அட்டை வேண்டாம். இரண்டு பக்கமும் அச்சான அட்டை வேண்டாம். கட்டுக்குள் தேடி எடுக்கச் சொல்லும் அட்டையைக் குறையுங்கள், தேடியபின் ஒவ்வொரு முறையும் கலைத்துப்போட வேண்டியிருக்கும், நேரத்தைத் தின்னும்.

ஆடும் நாளில் 180ஐயும் நன்றாகக் கலைத்து, ஆளுக்கு 9 அட்டை உள்ள ஐந்து கொத்து கொடுங்கள். ஒரு கொத்திலிருந்து ஒன்றை எடுத்துவிட்டு மீதியை அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். வழக்கமான 15 அட்டைக் கொத்து எட்டுப் பேருக்கானது. நாலு பேரிடம் அது மூன்று சுற்று வந்துவிடும், எது மிஞ்சித் திரும்பும் என்று கணக்குப் போட்டே எடுக்கத் தொடங்குவார்கள். கடைசியில் கையில் இருக்கும் 45இல் 23ஐத் தேர்ந்தெடுத்து, அந்த 180க்கு வெளியே தனியாக வைத்திருக்கும் அடிப்படை நிலத்தில் 17 சேர்த்தால் 40 அட்டைக் கட்டு தயார். நிலம் சிக்காத கை இதில் பத்துக்கு ஒன்றுதான். முதல் முறை மோசமான கை வந்தால் இலவசமாக மாற்றிக்கொள்ளலாம் என்று முன்பே பேசிவிடுங்கள். இருவர் இருவராக மூன்று சுற்று ஆடினால் எல்லோரும் எல்லோரோடும் ஆடியிருப்பார்கள், யாரும் காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவு அட்டையைத் தேடிச் சேர்க்கப் பொறுமை இல்லை என்றால் ‘ஜம்ப்ஸ்டார்ட்’ பாக்கெட் வாங்கலாம், 2020இல் வந்தது. 20 அட்டை வீதம் இரண்டைச் சேர்த்துக் கலைத்தால் ஒரு கட்டு, நிலமும் உள்ளேயே இருக்கும்.

விலையுயர்ந்த அட்டைக்குப் பதில் அதன் பேர் எழுதிய காகிதத்தை, அட்டைக்குப் போடும் பிளாஸ்டிக் உறையில் செருகி வீட்டில் ஆடலாமா? தாராளமாக. விற்காதவரை நிறுவனமும் இதை ஆட்சேபிப்பதில்லை, அங்கீகரிக்கப்பட்ட போட்டியில்தான் செல்லாது. அசல் என்று சொல்லி விற்கும் போலிதான் ஆபத்து. உருப்பெருக்கி ஒன்று வாங்கி, அட்டையின் பின்பக்கத்தில் உள்ள பச்சைப் புள்ளியைப் பாருங்கள். அசலில் அதற்குள் நாலு சிவப்புப் புள்ளிகள், மூன்று ஒரு வரிசையிலும் ஒன்று பக்கவாட்டிலுமாக இருக்கும். போலியில் பெரும்பாலும் அது குழம்பிப்போயிருக்கும். மினுமினுக்கும் ஃபாயில் அட்டைக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். நம் கடலோர ஈரத்தில் காகிதம் உப்பும், மேலே இருக்கும் பளபளப்புப் படலம் உப்பாது, அட்டை வில்லாக வளையும். வளைந்த அட்டை கட்டில் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கடைசியாக உறை. அட்டை 63க்கு 88 மில்லிமீட்டர், உறை 66க்கு 91 என்று போட்டிருப்பதை வாங்குங்கள், முதுகுப் பக்கம் உள்ளே தெரியாததாக. நிலத்துக்கும் அதே உறை வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வருவது நிலமா இல்லையா என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். அடிப்படை நிலம் நிறத்துக்கு 24 வையுங்கள். 20 வைத்தால் மூன்று பேர் ஒரே நிறத்தைப் பிடிக்கும் நாளில் போதாது, 25 வைத்தால் மொத்தம் 305 ஆகி நூறு உறைப் பாக்கெட் மூன்றில் ஐந்து உறை குறையும். 24 என்றால் 120, பெட்டியில் உள்ள 180ஐச் சேர்த்தால் சரியாக 300. நாலாவது பாக்கெட்டையும் அன்றைக்கே, அதே கடையில் வாங்கிவிடுங்கள். உறை கிழியும். ஆறு மாதம் கழித்துப் போனால் அதே பெயரில், அதே கறுப்பு என்று தருவார்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சாயல் மாறியிருக்கும்.