புரோகிராமிங் வேலைக்கு எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வேண்டும்?

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் கேபினட் திறந்து கிடப்பது தெரிகிறதா? என் சித்தி மகனுக்காக அசெம்பிள் செய்துகொண்டிருக்கிறேன். அவன் ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறவன். போன மாதம் ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கி வந்து, "அண்ணா, இது போதுமா?" என்று கேட்டான். 24 கோர் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) கொண்ட இன்டெல் ஐ9 பிராசஸர், தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு, ராம் மட்டும் 16 ஜிபி. பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

"இப்போதைக்கு எதையும் வாங்காதே. ஒரு வாரம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய லேப்டாப்பிலேயே வேலை செய். எப்போதெல்லாம் காத்திருக்க வேண்டி வருகிறதோ, அப்போது சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றில் எது முட்டி நிற்கிறது என்று எழுதி வை" என்றேன்.

எழுதினான். பாதிக்கு மேல் மெமரிதான். அந்த லேப்டாப்பிலும் 16 ஜிபிதான். ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, பில்டுக்காக (எழுதிய கோடை ஓடும் ஆப்பாக மாற்ற) அது கிளப்பும் கிரேடில் என்ற புரோகிராம், எமுலேட்டர் (கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் போலி ஃபோன்), குரோமில் இருபது டேப். ராம் நிரம்பினால் விண்டோஸ் மீதியை டிஸ்க்குக்குத் தள்ளிவிடும். அதன் பிறகு எவ்வளவு வேகமான பிராசஸர் இருந்தாலும் டிஸ்க் எப்போது தரும் என்று காத்துக் கிடக்க வேண்டியதுதான். சிபியு 100 சதவீதத்தைத் தொட்டது கிளீன் பில்ட், அதாவது எல்லாவற்றையும் முதலிலிருந்து பில்ட், போட்டபோது மட்டும். அதுவும் நாளைக்கு இரண்டு மூன்று தடவை.

கோர் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், பணம் அதிகம் வீணாவது இங்கேதான். பெரிய சி++ புராஜெக்டை முழுசாக பில்ட் செய்தால் நூற்றுக்கணக்கான ஃபைல்களை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யலாம் (மெஷினுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றலாம்), எத்தனை கோர் இருந்தாலும் வேலை இருக்கும். ஆனால் நாள் முழுக்க நாம் செய்வது ஒரு வரியை மாற்றி ஓட்டிப் பார்ப்பது. அப்போது பாதி கோர் சும்மா இருக்கும், ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதே முக்கியம். டைப்ஸ்கிரிப்ட் என்ற புரோகிராமிங் மொழியைப் பாருங்கள். அதன் கம்பைலர் பெரும்பாலும் ஒரே திரெட்டில், அதாவது ஒரே வேலை வரிசையாக, ஓடியது. 2025இல் அதை கோ மொழிக்கு மாற்றுவதாக அறிவித்தபோது, சுமார் 15 லட்சம் வரிகள் கொண்ட விஎஸ் கோட் எடிட்டரைச் சரிபார்க்க 78 நொடி எடுத்த வேலை 8 நொடிக்குள் முடிவதாகக் காட்டினார்கள். பழைய கம்பைலரை வைத்துக்கொண்டு எத்தனை கோர் வாங்கியிருந்தாலும் அந்த வேகம் வந்திருக்காது.

சரி, கடைசியில் என்ன வாங்கினோம்? ரைசன் 5 7600, 6 கோர், 12 திரெட். ராம் 32 ஜிபி, 16 ஜிபி ஸ்டிக் இரண்டாக. நாலு ஸ்லாட் இருக்கிறதே என்று நாலு 8 ஜிபி போடாதீர்கள். டிடிஆர்5 என்ற இப்போதைய ராம் வகையில் நாலு ஸ்டிக் போட்டால் பெரும்பாலும் ராமின் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட முடியும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது, தெரியும். இருந்தாலும் மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை. வேகமான ஸ்டோரேஜுக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் கார்டு வாங்கவில்லை, இந்த பிராசஸருக்குள்ளேயே திரைக்குப் போதுமான கிராபிக்ஸ் இருக்கிறது. இன்டெலில் 12400எஃப் மாதிரி கடைசியில் எஃப் போட்ட மாடல் வாங்கினால் அது இருக்காது, கவனம். மிஞ்சிய பணத்தில் 27 இன்ச் மானிட்டரும் ஒரு யுபிஎஸ்ஸும் வந்தன. கரண்ட் போனால் வேலையை சேவ் செய்துவிட்டு ஷட் டவுன் செய்ய அவகாசம் கிடைக்கும்.

எல்லோருக்கும் இதே பதில் இல்லை. ஆண்ட்ராய்டு இயங்குதளத்தையே சோர்ஸிலிருந்து பில்ட் செய்கிறவர்களுக்கு 64 ஜிபி ராமும் 400 ஜிபி காலி இடமும் வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. அவர்கள் 16 கோர் வாங்கினால் நியாயம். வீட்டிலேயே ஏஐ மாடல் டிரெயின் செய்கிறவர்களுக்கு என்விடியா கார்டு வேண்டும், அதில் முதலில் பார்க்க வேண்டியது விரேம் (கார்டிலேயே இருக்கும் மெமரி) எத்தனை ஜிபி என்று.

இதோ, பவர் பட்டனை அழுத்துகிறேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. பயப்படாதீர்கள். டிடிஆர்5 போர்டு முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடம் எடுக்கும். இந்த நேரத்தில் ஆஃப் செய்துவிடாதீர்கள். தம்பி பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறான்... ஆ, வந்துவிட்டது. 32 ஜிபியும் காட்டுகிறது.