ஒரு பிள்ளைக்கு ஒரு பந்து

நேயர்களுக்கு வணக்கம்.

ஐந்து வயதுப் பிள்ளையைக் கால்பந்து வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "எப்போ சார் மேட்ச் ஆடுவான்?" என்றுதான். அவர்களைப் பத்து நிமிடம் வேலியோரம் நிற்கச் சொல்வேன். பிள்ளையின் கால் எத்தனை முறை பந்தில் படுகிறது என்று எண்ணிப் பாருங்கள் என்பேன். வகுப்பு நல்ல வகுப்பா என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடும்.

பல இடங்களில் இருபது பிள்ளைகளுக்கு இரண்டு பந்துதான். வரிசையில் நிற்க வேண்டும், முறை வந்ததும் ஓர் உதை, மறுபடி வரிசையின் கடைசி. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, "சார், எனக்கே எனக்குன்னு ஒரு பந்து தருவீங்களா?" என்று கேட்டாள். அடுத்த வாரமே ரப்பர் பந்தானாலும் சரி, ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.

வடசென்னைச் சந்துகளிலிருந்து இந்திய அணிவரை போன நந்தகுமார் சேகரைப் பலருக்கும் தெரியும். அந்தப் பக்கத்துத் தெருக்களில் இடம் குறைவு, ஆட்கள் அதிகம். பந்து காலைவிட்டு ஓர் அடி விலகினால் இன்னொருத்தன் கொண்டுபோய்விடுவான். தெருவில் ஆட இடமில்லாத பிள்ளைகளுக்கு அந்த நெருக்கத்தை வகுப்புதான் உண்டாக்கித் தர வேண்டும்.

பந்தின் அளவையும் பாருங்கள். பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்து 410 முதல் 450 கிராம் வரை எடை இருக்கும். அதைச் சின்னப் பிள்ளை உதைத்தால் கால் வலிக்கும், விரல் நுனியால் குத்தப் பழகிவிடும். எட்டு வயதுவரை மூன்றாம் எண் பந்து போதும். தலையால் முட்டுவது இப்போது வேண்டவே வேண்டாம். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சியில் அதை விட்டுவிடும்படி இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 2020-லேயே சொல்லிவிட்டது.

எங்கள் வகுப்பில் பிள்ளைகள் பந்தை உருட்டிக்கொண்டே ஓடுவார்கள். "நில்" என்றால் உள்ளங்காலைப் பந்தின்மேல் வைக்க வேண்டும். அப்புறம் அதே உள்ளங்காலால் பந்தைப் பின்னுக்கு இழுத்துத் திரும்ப வேண்டும். கொஞ்சம் பழகியதும் நான் கையைத் தூக்கி விரல்களைக் காட்டுவேன். பந்தை விடாமல், எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் எல்லாருடைய பார்வையும் பந்தில்தான் இருக்கும், விரலைப் பார்த்தால் பந்து ஓடிவிடும். ஒரு மாதத்தில் தலை தானாக நிமிரும். பாஸ் கொடுக்க ஆள் எங்கே என்று பார்க்கும் பழக்கம் இங்கேதான் பிறக்கிறது.

கடைசிப் பதினைந்து நிமிடம் ஆட்டம், மூன்று பேருக்கு மூன்று பேர். பதினொரு பேரை இறக்கினால் வெல்லக்கட்டியில் எறும்பு மொய்ப்பதுபோல மொய்ப்பார்கள், பாதிப் பேர் பந்தைத் தொடவே மாட்டார்கள். ஜெர்மனியில் 2024-25 பருவம் முதல் சின்னஞ்சிறுவர்களுக்கு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று ஆட்டம்தான், நான்கு சின்ன கோல் வலைகளோடு.

ஒரு தந்தை வேலியிலிருந்து "அடி, அடி" என்று கத்திக்கொண்டே இருப்பார். மகன் அவர் பக்கம் திரும்புவான், பந்து போய்விடும். ஒருநாள் அவரிடம், "கத்தாதீங்க, எனக்குப் பதிலா நீங்க விரலைக் காட்டுங்க" என்றேன். இப்போது வாராவாரம் அவர் வேலியோரம் கையைத் தூக்கி நிற்கிறார். மகன் "மூணு... அஞ்சு..." என்று சொல்லிக்கொண்டே பந்தை உருட்டிப் போகிறான்.

நன்றி, வணக்கம்.