11,779 ஓட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்: ஜார்ஜியாவில் நடந்தது என்ன?

[திரையில்: ஜார்ஜியா வரைபடம், நடுவில் 11,779]

வணக்கம். 2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜார்ஜியா மாநிலத்தில் பதிவானது ஏறக்குறைய 50 லட்சம் ஓட்டு. அதில் ஜோ பைடன் ஜெயித்த வித்தியாசம்தான் இந்த எண். 1992-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளருக்கு அங்கே கிடைத்த முதல் வெற்றி அது.

அடுத்த மார்ச்சில் தேர்தல் சட்டம் மாறியது. குடியரசுக் கட்சி ஆளுநர் பிரையன் கெம்ப் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின் பெயர் எஸ்.பி. 202, அதாவது செனட் மசோதா 202.

[திரையில்: தேவாலய வாசலில் பேருந்து]

அங்கே தேர்தல் நாளுக்குச் சுமார் மூன்று வாரம் முன்பிருந்தே நேரில் போய் ஓட்டுப் போடலாம். ஏன் முன்னாடியே வருகிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் ஞாயிறு பிரார்த்தனை முடிந்ததும் கூட்டமாகப் பேருந்தேறி ஓட்டுப் போடப் போவது பல வருட வழக்கம். மசோதாவின் ஆரம்ப வடிவங்களில் ஒன்று அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே கை வைத்தது. பெரிய எதிர்ப்பு. கடைசியில் ஞாயிறு தப்பியது: நடத்துவதா வேண்டாமா என்பது அந்தந்த கவுன்ட்டியின் (நம் மாவட்டம் மாதிரி) விருப்பம். முன்கூட்டிய ஓட்டுப்பதிவைக் கட்டாயம் நடத்த வேண்டிய சனிக்கிழமை ஒன்றிலிருந்து இரண்டானது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் தபால் ஓட்டுக்கு அடையாள எண் கட்டாயமானது; தபால் ஓட்டுச் சீட்டை நேரில் கொண்டுவந்து போடும் பெட்டிகள் குறைந்தன. வாக்குச்சாவடியிலிருந்து 150 அடிக்குள், வரிசையில் நிற்பவருக்கு யாரும் தண்ணீர் பாட்டில் நீட்டக்கூடாது. ஊரெல்லாம் பேசியது இந்தத் தண்ணீரைத்தான்.

[திரையில்: அட்லாண்டா புறநகர்]

சரி, இவ்வளவு பதற்றம் எதற்கு? குவினெட் கவுன்ட்டியைப் பாருங்கள். 1990-இல் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். இன்று எந்த இனத்துக்கும் அங்கே பெரும்பான்மை இல்லை. ஜார்ஜியாவில் வாக்காளராகப் பதியும்போது கட்சியைக் கேட்பதில்லை, இனத்தைக் கேட்கிறார்கள். அதனால் எல்லோரும் இனத்தை எண்ணிக் கட்சியை ஊகிக்கிறார்கள்: வெள்ளையர் அல்லாதவர் கூடினால் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டு கூடும் என்று. ஊகம் சறுக்குவதும் உண்டு. பக்கத்து ஃபோர்சைத்தில் தெலுங்கு, தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ குடியேறிவிட்டன; கவுன்ட்டி இன்னும் குடியரசுக் கட்சி பக்கம்தான்.

[திரையில்: 2024, நீண்ட வரிசை]

அப்புறம் 2024. அக்டோபர் 15, முதல் நாளிலேயே 3 லட்சத்துக்கும் மேல் ஓட்டு, புதிய சாதனை. மொத்தம் 40 லட்சத்துக்கும் அதிகமானோர் முன்கூட்டியே ஓட்டுப் போட்டார்கள். 2020-இல் தபால் ஓட்டைத் திட்டித் தீர்த்த டொனால்ட் டிரம்ப், இந்த முறை தன் ஆதரவாளர்களை முன்னாடியே போய் ஓட்டுப் போடச் சொன்னார். ஜார்ஜியாவில் சுமார் 1.15 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்கவும் செய்தார்.