தாயும் பிள்ளையும் ஆனாலும்

அவைத்தலைவர் அவர்களே, கவுன்சிலர் அம்மா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட கோயில் நிர்வாகத்தாரே, மெல்பர்னின் பாக்ஸ் ஹில் பகுதியிலிருந்து கைக்குழந்தையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சீனத் தங்கைமாரே, வணக்கம். கவுன்சிலர் அம்மாவுக்கு இன்றைக்கு இன்னும் இரண்டு கூட்டம் இருக்கிறது. அப்படியும் முதலில் இங்கே வந்தார்; அதற்குத் தனியாக ஒரு நன்றி.

இந்த நாட்டுக்கு வந்து பிள்ளை பெறும் தாய்மாரைப் பற்றி உணவு, மொழி, தலைமை என்று மூன்று விஷயம் பேச வந்தேன். 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்போம். மெல்பர்னில் பிரசவ வார்டில் வேலை பார்த்த இருபது வருடமும் இந்தப் பழமொழி என் கூடவே வந்தது.

ஒரு ராத்திரி. சீனாவின் குவாங்சோவிலிருந்து வந்த பெண், தலைப்பிரசவம். குழந்தை பிறந்த கையோடு தட்டில் ஐஸ் தண்ணீரும் ஆறிப்போன சாண்ட்விச்சும் வந்தன. அவள் தொடவில்லை. 'சாப்பிட மறுக்கிறார்' என்று குறிப்பேட்டில் ஏறியது. குளிக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள். 'ஒத்துழைக்கவில்லை' என்று இன்னொரு வரி. மொழிபெயர்க்க நின்ற கணவனோ கூச்சத்தில் பாதியை விழுங்கிவிட்டான். பிள்ளை பெற்றவள் முப்பது நாள் குளிர்ந்த எதையும் தொடாமல், காற்றுப் படாமல் இருப்பது அவர்கள் வழக்கம். 'ஸுவோ யுவேஸி' என்பார்கள், 'மாதம் இருத்தல்'. விடியற்காலையில் அவள் அம்மா வந்து பிளாஸ்க்கைத் திறந்தார். சிவப்பு இலந்தையும் இஞ்சியும் போட்டுக் கொதித்த நீர். மடமடவென்று குடித்தாள், அப்புறம்தான் முகத்தில் களை வந்தது. வீட்டில் மண்சட்டியில் இஞ்சி, கறுப்பு வினிகர், பன்றிக்கால் எல்லாம் ஊறிக்கொண்டிருக்கிறதாம். காதில் பஞ்சு வைத்து, பூண்டும் சுக்கும் தின்று பத்தியம் இருந்த எனக்கு அந்த மணம் புரியாதா? வாயும் வயிறும் வேறுதான். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இல்லை.

மொழி பற்றிச் சுருக்கமாக. ஆஸ்திரேலிய அரசின் மொழிபெயர்ப்புச் சேவை எண்ணான 131 450-ஐ அழைத்தால் 24 மணி நேரமும் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். மொழிபெயர்க்கக் கணவனையும் மாமியாரையும் நிறுத்தாதீர்கள்.

சரி, நான் வந்த காரியம் தலைமைதான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாட்டின் எல்லையை மூடியபோது ஊரிலிருந்து அம்மாக்கள் வர முடியவில்லை. முன்வரிசையில் இருக்கும் இந்தத் தங்கைமார்தான் வீசாட் என்ற சீனச் செயலியில் முறை போட்டு, சூப் காய்ச்சி, வாசல் வாசலாக வைத்துவிட்டு வந்தார்கள். இவர்களை ஒரு நாள் ஆலோசனைக்குக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து அனுப்பினால் போதுமா? வாயும் வயிறும் வேறு என்றால், அந்த வாய் முடிவெடுக்கும் குழுவில் பேச வேண்டும். சம்பளத்தோடு, ஓட்டுரிமையோடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளோடு. கவுன்சிலர் அம்மா, இதைக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி.